அருங்காட்சியகங்களும் அரசியல் தலையீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுப்பணத்தில் நடக்கும் அருங்காட்சியகம் நாட்டின் வரலாற்றை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் ஆட்சியாளர்கள் கைவைப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது, இன்றும் நடக்கிறது. இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, நடந்த சம்பவங்களை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் இடம். மக்கள் தேர்ந்தெடுத்த அரசு அதில் ஏன் தலையிடக் கூடாது?

அரசுக்கு உரிமையுள்ள விஷயங்கள் நிறைய இருக்கின்றன. எவ்வளவு பணம் ஒதுக்குவது, கணக்கு ஒழுங்காக இருக்கிறதா, கட்டடம் பாதுகாப்பாக இருக்கிறதா, அந்த நிறுவனம் எந்த நோக்கத்துக்காக இயங்க வேண்டும் என்பதையெல்லாம் அரசும் நாடாளுமன்றமும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்பது வேறு வேலை. அரசு மருத்துவமனையும் வரிப்பணத்தில்தான் நடக்கிறது. அதற்காக ரத்தப் பரிசோதனையின் முடிவை அமைச்சர் எழுதுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆட்சி சில ஆண்டுகளில் மாறிவிடும். இன்று நமக்குப் பிடித்த ஆட்சி காட்சிக்கூடத்தில் கைவைத்ததை வரவேற்றால், நாளை நமக்குப் பிடிக்காத ஆட்சியும் அதே உரிமையைக் கேட்கும். அப்போது மறுக்க நம்மிடம் காரணம் இருக்காது.

எது மேற்பார்வை, எது தலையீடு? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மாற்றம் நடந்தது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. வரலாற்று ஆய்வு நகர்ந்துகொண்டே இருப்பது. புதிய ஆவணம் கிடைக்கும், பழைய கணிப்பு தவறென்று தெரியவரும். முப்பது ஆண்டுகளாக ஒரே விளக்கப் பலகையை வைத்திருக்கும் அருங்காட்சியகம்தான் கவலைக்குரியது.

நான் பார்ப்பது, மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணம் சான்றா, சங்கடமா என்பதைத்தான். “இந்தத் தேதி தவறு, இதோ ஆவணம்” என்று சொன்னால் அது திருத்தம். “இதைப் படித்தால் நாட்டைப் பற்றித் தாழ்வாக நினைப்பார்கள்” என்று சொன்னால் அங்கே சான்றைப் பற்றிய பேச்சே இல்லை. அடுத்து, மாற்றியது யார், அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா என்று பார்க்க வேண்டும். துறை அறிந்தவர்கள் கூடி எடுத்த முடிவு தவறாகப் போனால்கூட அதை விவாதித்துத் திருத்த வழி இருக்கும். யாருடைய தொலைபேசி அழைப்பால் நடந்தது என்றே தெரியாத மாற்றத்தோடு விவாதிக்க முடியாது.

ஆட்சியாளர்கள் நேரடியாக வந்து ‘இதை எடு’ என்றா சொல்கிறார்கள்?

அபூர்வமாகத்தான். எழுத்தில் வரும் உத்தரவு வழக்குக்கும் செய்திக்கும் இடம் கொடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வழக்கமான வழி நியமனம். போலந்தில் வார்சாவில் உள்ள யூத வரலாற்று அருங்காட்சியகமான போலினின் இயக்குநர் தாரியுஷ் ஸ்தோலா 2019இல் முறையான போட்டித் தேர்வில் மறுபடியும் வென்றார். பண்பாட்டு அமைச்சர் நியமன ஆணையில் கையெழுத்திடவே இல்லை. மாதக்கணக்கில் இழுத்த பிறகு 2020இல் ஸ்தோலா ஒதுங்கிக்கொண்டார். ஒரு பலகையைக்கூட யாரும் தொடவில்லை. ஆனால் அடுத்து அந்த நாற்காலியில் உட்கார வருபவருக்கு வேண்டிய செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. பிரிட்டனிலும் 2021இல் இதே மாதிரி ஒன்று நடந்தது. கிரீனிச் அருங்காட்சியகங்களின் அறங்காவலர் ஒருவருக்கு மறுநியமனம் தர அரசு மறுத்தது. அதை ஏற்க முடியாமல் குழுவின் தலைவர் சார்லஸ் டன்ஸ்டோன் பதவி விலகினார்.

நிர்வாகக் காரணம் காட்டுவது இன்னொரு வழி. மாஸ்கோவில் சோவியத் கால வதைமுகாம்களின் கதையைச் சொல்லும் குலாக் வரலாற்று அருங்காட்சியகம் 2024 நவம்பரில் மூடப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம் தீத்தடுப்பு விதி மீறல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, பெர்ம் பகுதியில் அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த முகாமையே அருங்காட்சியகமாக்கி நடத்திவந்த பெர்ம்-36 மாகாண நிர்வாகத்தின் கைக்குப் போனது. கட்டடம் அப்படியே நின்றது, வேலியும் நின்றது. கைதிகளின் கதை இருந்த இடத்தில் முகாமை நடத்தியவர்களின் கதைக்கு அழுத்தம் கூடியது.

சுயதணிக்கை என்கிறார்களே, அது உண்மையிலேயே நடக்கிறதா?

நடக்கிறது. இந்தப் பக்கத்தில் சொல்லியிருப்பவற்றிலேயே ஆழமான சேதம் இதுதான் என்பது என் எண்ணம். இயக்குநர் ஒருவர் பதவி இழந்த செய்தி வந்த மறுநாள், நாடெங்கும் அருங்காட்சியகக் காட்சிகளை அமைக்கும் காப்பாட்சியர்கள் தங்கள் மேசையில் இருக்கும் வரைவை இன்னொரு முறை வாசிக்கிறார்கள். “கொல்லப்பட்டார்கள்” என்ற சொல் “உயிரிழந்தார்கள்” ஆகிறது. செய்தவர் யார் என்பது வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறது. ஒரு புகைப்படம் சுவரிலிருந்து இழுப்பறைக்குப் போகிறது. அடுத்த ஆண்டுக்குத் திட்டமிட்ட கண்காட்சி “நிதி நிலைமை காரணமாக” தள்ளிப்போகிறது. இதில் எதற்கும் உத்தரவு இல்லை, எதிர்த்து வழக்குப் போட ஒரு காகிதமும் இல்லை. வைக்கப்படாத பொருளைப் பார்வையாளர் தேடவும் மாட்டார்.

எனோலா கே விவகாரம் என்றால் என்ன? எல்லோரும் அதையே உதாரணம் காட்டுவது ஏன்?

ஒரு காட்சியின் கரு உருவானதிலிருந்து கலைந்தது வரை எல்லாமே ஆவணமாகக் கிடைக்கும் சம்பவம் அது. ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசிய பி-29 விமானத்தின் பெயர் எனோலா கே. குண்டு விழுந்த ஐம்பதாம் ஆண்டான 1995இல் அதன் முன்பகுதியை வைத்துப் பெரிய கண்காட்சி நடத்த வாஷிங்டனில் உள்ள தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகம் திட்டமிட்டது. அது, பல அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்கப் பொது நிறுவனத்தின் அங்கம். இயக்குநர் மார்ட்டின் ஹார்விட், ஒரு வானியற்பியலாளர். விமானத்தோடு குண்டு விழுந்த இடத்தின் பொருள்களையும் காட்டுவது திட்டம். அவற்றில் ஒன்று, ஹிரோஷிமாவில் இறந்த ஒரு பள்ளிச் சிறுமியின் உணவுப் பெட்டி. உள்ளே இருந்த சாதம் கரியாகிப்போயிருந்தது.

வரைவு 1994இல் வெளியே வந்ததும் விமானப்படைச் சங்கமும், படைவீரர் அமைப்பான அமெரிக்கன் லீஜியனும் கொதித்தெழுந்தன. பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு இது பழிவாங்கும் போர், பெரும்பாலான ஜப்பானியர்களுக்குத் தங்கள் பண்பாட்டைக் காக்கும் போர் என்று பொருள்படும் இரண்டு வரிகள் வரைவில் இருந்தன. நான் அவற்றை நியாயப்படுத்த மாட்டேன். சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஜப்பானியப் படை செய்ததைத் தெரிந்த எவருக்கும் அது உறுத்தும். ஜப்பானின் ஆக்கிரமிப்பைப் பற்றி அந்த வரிகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் செய்திகளில் போனவை அந்த இரண்டு வரிகள் மட்டும். விமர்சனத்துக்குப் பிறகு அருங்காட்சியகமே அவற்றை நீக்கி வரைவைப் பலமுறை திருத்தியது. இதுவரை நடந்தது கடுமையான விவாதம், அவ்வளவுதான். பொது நிறுவனத்துக்கு அது நல்லதே.

பிறகுதான் கதை மாறியது. 1994 செப்டம்பரில் செனட் சபை காட்சியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. குண்டு போடாமல் ஜப்பான் மீது படையெடுத்திருந்தால் எத்தனை அமெரிக்க வீரர்கள் இறந்தோ காயம்பட்டோ இருப்பார்கள் என்ற எண்ணிக்கையில் பெரிய சண்டை மூண்டது. 1995 ஜனவரியில் ஹார்விட் ஒரு வரலாற்றாய்வாளரின் ஆதாரத்தைப் பார்த்து அந்த மதிப்பீட்டை 63,000 என்று குறைக்க முன்வந்தபோது, அமெரிக்கன் லீஜியன் காட்சியையே ரத்துசெய்யச் சொன்னது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் 81 பேர் ஹார்விட்டை நீக்கச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். ஜனவரி 30 அன்று ஸ்மித்சோனியன் தலைவர் காட்சியை ரத்துசெய்தார். மே மாதம் ஹார்விட் பதவி விலகினார். ஜூன் மாதம் விமானத்தின் முன்பகுதி காட்சிக்கு வந்தது, குண்டு விழுந்த நகரம் வரவில்லை. அந்த நகரங்களிலிருந்து வந்த பொருள்களை அதே ஆண்டு வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் காட்சிக்கு வைத்தது.

63,000 சரியா, தவறா? இன்றுவரை ஆய்வாளர்கள் வாதிடும் கேள்வி அது. அந்த வாதத்தையே, எந்தக் கணக்கு எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்பதோடு, ஒரு சுவரில் எழுதி வைத்திருக்கலாம். எண்ணைப் பிடிக்காததால் கண்காட்சியே போனது.

போரில் பங்கேற்றவர்களின் மனம் புண்படுகிறது என்றால் அதை மதிக்க வேண்டாமா?

மதிக்க வேண்டும். அவர்கள் நேரில் கண்டவர்கள், இழந்தவர்கள். கேள்வி, அவர்கள் பேச்சைக் கேட்பதா அல்லது முடிவை அவர்களிடம் கொடுத்துவிடுவதா என்பது. கனடாவின் ஒட்டாவாவில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பலகை இந்தக் கேள்வியை எழுப்பியது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நகரங்கள் மீது நேசநாடுகள் நடத்திய குண்டுவீச்சு பற்றியது அது. குண்டுவீச்சில் 6 லட்சம் ஜெர்மானியர்கள் இறந்ததையும், போரின் கடைசிக் கட்டம் வரை ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி சிறிதளவே குறைந்ததையும் சொல்லி, அதன் பயனும் அறமும் இன்றும் கடும் சர்ச்சைக்குரியவை என்றது. அந்த விமானங்களில் பறந்த முதியவர்கள், தங்களைக் கொலைகாரர்கள் என்று சொல்வதாக இதை வாசித்தார்கள். வெளியிலிருந்து நான்கு வரலாற்றாசிரியர்களிடம் கருத்துக் கேட்டார்கள். இருவர் பலகையின் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். 2007இல் செனட் துணைக்குழு விசாரித்து, மாற்றச் சொல்லிப் பரிந்துரைத்தது. பலகை நீளமாகத் திருத்தி எழுதப்பட்டது.

புதிய பலகையில் விமானப்படையினரின் இழப்பும் சேர்ந்தது நல்லதுதான் என்றே நினைக்கிறேன். ஆனால் அது செனட் துணைக்குழுவின் மேசையைச் சுற்றிவந்து நடந்திருக்க வேண்டியதில்லை. அருங்காட்சியகமே அந்த முதியவர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்கள் சொல்லைப் பழைய வாசகத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கலாம்.

அமெரிக்காவில் 2025இல் என்ன நடந்தது?

ஸ்மித்சோனியன் 1846இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. 17 பேர் கொண்ட ஆளுநர் குழு அதை நடத்துகிறது. தலைமை நீதிபதி, துணை அதிபர், இரு அவைகளிலிருந்தும் தலா மூன்று உறுப்பினர்கள், ஒன்பது குடிமக்கள் அதில் இருப்பார்கள். ஏறத்தாழ 62 சதவீத நிதி மத்திய அரசிடமிருந்து வருகிறது. அதிபரின் நேரடி நிர்வாகத்தில் அது இல்லை.

2025 மார்ச் 27 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, ஸ்மித்சோனியனிலிருந்து ‘முறையற்ற கருத்தியலை’ நீக்கும் பொறுப்பைத் துணை அதிபருக்குக் கொடுத்தது. மே மாதம் தேசிய உருவப்படக் கூடத்தின் இயக்குநர் கிம் சஜெட்டைப் பதவிநீக்கம் செய்வதாக டிரம்ப் அறிவித்தார். ஊழியர்கள் பற்றிய முடிவு ஸ்மித்சோனியனின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் செயலாளருடையது என்று ஆளுநர் குழு சொன்னது. ஆனாலும் சில நாள்களில் சஜெட் தானே விலகினார். ஆகஸ்டில் வெள்ளை மாளிகை எட்டு அருங்காட்சியகங்களின் காட்சிகளையும் வாசகங்களையும் மறுஆய்வு செய்யப்போவதாகக் கடிதம் அனுப்பியது.

இதில் எனக்கு மறக்க முடியாத விவரம் சிறியது. தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அதிபர்கள் மீதான பதவிநீக்கக் கண்டனத் தீர்மானங்கள் பற்றி ஒரு காட்சி உண்டு. டிரம்ப் மீது 2019இலும் 2021இலும் வந்த தீர்மானங்களைக் குறிப்பிடும் பலகை 2021 முதல் அங்கே இருந்தது. 2025 ஜூலையில் அது காணாமல் போனது. பதவி பறிபோகும் நிலையை உண்மையாக எதிர்கொண்ட அதிபர்கள் மூவர் மட்டுமே என்ற பழைய வாசகம் மீண்டும் வந்து நின்றது. செய்தி வெளியானதும், அரசு யாரும் சொல்லவில்லை, அந்தப் பலகை தற்காலிகமானது, தர விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று நிறுவனம் விளக்கியது. ஆகஸ்டில் சற்று மாறிய வாசகத்தோடு அது திரும்ப வந்தது. நிறுவனத்தின் விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், இடைப்பட்ட நாள்களில் அங்கே வந்துபோனவர்கள் வாசித்தது தவறான தகவல்.

வலதுசாரி அரசுகள்தானே இப்படிச் செய்கின்றன?

அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. போலந்தின் கதான்ஸ்க் நகரத்து இரண்டாம் உலகப்போர் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ஓர் அரசின் காலத்தில் தொடங்கிய திட்டம், அடுத்து வந்த வலதுசாரி அரசின் காலத்தில் 2017 மார்ச்சில் திறக்கப்பட்டது. எல்லா நாட்டுச் சாதாரண மக்களின் துயரத்தையும் சொன்ன அந்தக் காட்சி போலந்தின் வீரத்தைப் போதிய அளவு காட்டவில்லை என்பது புதிய அரசின் மனக்குறை. இயக்குநர் பாவெவ் மஹ்செவிச்சை நேரடியாக நீக்கவில்லை. ஏட்டளவில் இருந்த இன்னொரு அருங்காட்சியகத்தோடு இதை இணைத்தார்கள். பழைய நிறுவனமே சட்டப்படி இல்லாமல் போனதால் அவர் பதவியும் போனது. திறந்து இரண்டு வாரத்தில் இது நடந்தது. அடுத்து வந்த இயக்குநர் கரோல் நவ்ரோட்ஸ்கி நிரந்தரக் காட்சியில் மாற்றங்கள் செய்தார், இறுதிப் படத்தையும் மாற்றினார். பழைய குழு பதிப்புரிமை வழக்குப் போட்டது. நவ்ரோட்ஸ்கி 2025இல் அந்நாட்டின் அதிபரானார்.

2023 தேர்தலில் அந்த வலதுசாரி அரசு ஆட்சியை இழந்தது. புதிய இயக்குநராகப் பழைய குழுவைச் சேர்ந்த ஒருவர் வந்தார். 2024இல் முந்தைய நிர்வாகம் சேர்த்தவற்றை நீக்கத் தொடங்கினார். அவற்றில் யூதர்களை ஒளித்துவைத்ததற்காகக் குழந்தைகளோடு கொல்லப்பட்ட உல்மா குடும்பத்தைப் பற்றிய பகுதியும், நாஜி வதைமுகாமான அவுஷ்விட்சில் இன்னொருவருக்காக உயிர் கொடுத்த பாதிரியார் மாக்சிமிலியன் கோல்பே பற்றிய பகுதியும் இருந்தன. மூல வடிவத்தை மீட்கிறோம் என்பது வாதம். பெரும் எதிர்ப்பு வந்ததும் அவற்றைத் திரும்ப வைத்தார்கள். முதலில் நடந்தது தலையீடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆட்சி மாறும்போதெல்லாம் சுவர் மாறும் என்ற எண்ணம் மக்கள் மனதில் பதிந்தபின், சரியான திருத்தம்கூடக் கட்சி வேலையாகவே தெரியும்.

காப்பாட்சியர்களுக்கும் சாய்வு உண்டுதானே?

உண்டு. அதற்கு மருந்து வெளிப்படையான மதிப்பீடு. ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகம் 2001இல் திறந்ததும், பழங்குடி மக்கள் மீதான படுகொலைகளை அது மிகைப்படுத்துகிறது என்று குற்றச்சாட்டு எழுந்தது. சமூகவியலாளர் ஜான் கரோல் தலைமையிலான குழு 2003இல் அறிக்கை தந்தது. திட்டமிட்ட அரசியல் சாய்வு இல்லை என்றது; கதைசொல்லலில் குறைகள் உண்டு என்றும் சொன்னது. இதுவரை சரி. ஆனால் இயக்குநர் டான் கேசியின் ஒப்பந்தம் அந்த ஆண்டுக்கு மேல் நீட்டிக்கப்படவில்லை.

அரசே முன்னின்று நிறுவும் அருங்காட்சியகம் எல்லாம் பிரச்சாரம்தானா?

இல்லை. பான் நகரத்தில் உள்ள ஜெர்மனியின் சமகால வரலாற்று அருங்காட்சியகம் 1982இல் பிரதமர் ஹெல்முட் கோல் முன்வைத்த யோசனை. தன் கட்சிக்கு ஒரு நினைவிடம் கட்டுகிறார் என்ற சந்தேகம் அப்போதே பலமாக எழுந்தது. அந்தச் சந்தேகமே நல்லதாகப் போனது. தனிச்சட்டம், பல கட்சியினரும் மாநிலங்களும் இடம்பெறும் குழு, அறிஞர்களின் ஆலோசனை அவை, சமூக அமைப்புகளுக்கான அவை என்று அமைப்பைப் பலர் கையில் பிரித்துக் கொடுத்தார்கள். 1994இல் திறந்த அது எந்த ஒரு கட்சியின் வீடாகவும் ஆகவில்லை.

ஹங்கேரியின் புடாபெஸ்டில் உள்ள ‘பயங்கர இல்லம்’ என்ற அருங்காட்சியகம் 2002 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, அப்போதைய பிரதமர் ஓர்பானால் திறக்கப்பட்டது. ஹங்கேரிய நாஜிகளும் கம்யூனிஸ்ட் ரகசியக் காவல்துறையும் அடுத்தடுத்துப் பயன்படுத்திய கட்டடம். உள்ளே பெரும்பாலான அறைகள் இரண்டாமவர்களுக்கு, மிகச் சிலவே முதலாமவர்களுக்கு. அறைகளின் எண்ணிக்கையும் ஒரு வாதம்தான்.

டெல்லியில் நேரு வாழ்ந்த தீன் மூர்த்தி இல்ல வளாகம் எல்லாப் பிரதமர்களுக்குமான அருங்காட்சியகமாக 2022இல் விரிந்து, 2023இல் நேரு பெயரையும் இழந்தது. எல்லாப் பிரதமர்களையும் காட்டுவது நல்ல யோசனை. அதற்கு நேருவின் பெயரை எடுக்க வேண்டிய தேவை எனக்குப் புரியவில்லை.

வேறு நாட்டு அரசு தலையிட முடியுமா?

பொருள்களை இரவல் வாங்கும்போது முடியும். பிரான்சின் நாந்த் நகர வரலாற்று அருங்காட்சியகம் சீனாவின் உள்மங்கோலிய அருங்காட்சியகத்தோடு சேர்ந்து செங்கிஸ் கான் பற்றிக் காட்சி தயாரித்தது. 2020இல் சீன அதிகாரிகள் ‘செங்கிஸ் கான்’, ‘பேரரசு’, ‘மங்கோலிய’ ஆகிய சொற்களையே நீக்கச் சொன்னார்கள். வாசகங்களையும் வரைபடங்களையும் தாங்கள் பார்த்துத்தான் அனுமதிப்போம் என்றார்கள். நாந்த் மறுத்துக் காட்சியைத் தள்ளிவைத்தது. சீனப் பொருள்கள் இல்லாமல், மங்கோலியாவின் உதவியோடு 2023இல் நடத்தியது. மூன்று ஆண்டு தாமதம், ஆனால் செங்கிஸ் கானின் பெயர் தலைப்பிலேயே இருந்தது.

தனியார் நன்கொடையில் நடத்தினால் பிரச்சினை தீராதா?

ஆள் மாறும், அழுத்தம் மாறாது. தன் தொழிலின் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்குப் பணம் கொடுப்பவருக்கும் பிடிக்காத வாசகம் இருக்கும்.

ஒரு பார்வையாளராக நான் என்ன செய்யலாம்?

விளக்கப் பலகைகளில் வினையைச் செய்தவர் யார் என்று தேடிப் பாருங்கள். “நிலம் கைமாறியது” என்று இருந்தால் யாரிடமிருந்து யாருக்கு என்று கேளுங்கள். எண்கள் இருந்தால் எங்கிருந்து வந்தவை என்று கேளுங்கள். அறங்காவலர்களை யார் நியமிக்கிறார்கள், எத்தனை ஆண்டுக்கு என்பதை அறிந்துவைத்திருங்கள். காட்சி மாறினால் பழைய வாசகமும் காரணமும் பொதுவில் கிடைக்க வேண்டும் என்று எழுத்தில் கோருங்கள்.

படம் எடுக்க அனுமதி உள்ள இடத்தில் பொருளோடு பலகையையும் சேர்த்து எடுங்கள். 2025இல் வாஷிங்டனில் வரலாற்றாசிரியர்கள் தொடங்கிய ஒரு முயற்சியில் தன்னார்வலர்கள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குள் கூடம் கூடமாகப் போய் விளக்கப் பலகைகளைப் படமெடுத்துச் சேமித்தார்கள். எது நேற்று இருந்தது, எது இன்று இல்லை என்று காட்ட இனி அவர்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை.